சுளித்த முகத்துக்கு ஒரு பொத்தான்

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிற ஆட்கள் இன்னும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை விமான நிலையத்துக்குள் விடக்கூடாது. டேப் அக்காவை விட்டுவிட்டார்கள். அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

டேப் அக்கா தையல்காரி. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்குவதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். கடையில் அவளுக்கு ஒரு வழக்கம். தைத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, "எங்கயாவது இறுக்குதா? கூச்சப்படாம சொல்லுங்க" என்பாள். இறுக்குகிறது என்றால் அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரிப்பாள். 'நல்லா இருக்கு' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மூச்சு முட்டுகிற ஆட்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி வந்து, இடது பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்ததும் அவள் செய்த முதல் வேலை, தனக்குத் தானே ஒரு திண்டு தைத்துக்கொண்டதுதான். மேலே மெத்தென்று பஞ்சு, அடியில் கனத்துக்குக் கொஞ்சம் கண்ணாடி மணிகள். ரவிக்கைக்குள்ளே வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இப்போது தங்கைக்கும் அதே கட்டி, அதே ஆப்பரேஷன். தங்கை வேறு ஊரில் தனியாக இருப்பவள். வாயைத் திறந்தால் வட்டிக்காரன் கூட ஓடிப்போவான். ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தையாகிவிடுவாள். "அக்கா, நீ வந்து கையைப் பிடிச்சாதான் நான் உள்ள போவேன்" என்று போனில் அழுதிருந்தாள். ஆப்பரேஷன் மத்தியானம். காலை விமானத்தில் ஏறினால் போதும், நேராகப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம். தங்கைக்கென்று தைத்த புதுத் திண்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு டேப் அக்கா கிளம்பினாள்.

சோதனைச் சாவடியின் முகப்பில் ஒரு பெரிய பலகை இருந்தது. 'உங்கள் கண்ணியமே எங்கள் முதல் கவலை' என்று அதில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஆண்கள் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்றார்கள். டேப் அக்கா செருப்பு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றினாள். கத்தரிக்கோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த அளவுக்கு அவளுக்கும் விவரம் உண்டு. கழுத்தில் இருந்த டேப்பை மறந்துபோனாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டான் தட்டுகளைப் பார்க்கிற காவலன்.

"அளக்கிறதுக்கு."

"விமானத்தைக்கூட அளக்கலாம், இல்லையா?"

"அளந்து என்ன சார் பண்ணப் போறேன்? அதுக்குச் சட்டையா தைக்கப் போறேன்?"

காவலன் பக்கத்துச் சுவரைக் காட்டினான். 'நகைச்சுவை தண்டனைக்குரியது' என்று அங்கே எழுதியிருந்தது. டேப்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான். அவளுடைய கழுத்து சட்டென்று காலியாகிப்போனது.

அடுத்து, பையின் மூலையில் கிடந்த நீலக் கட்டி அவனுடைய கண்ணில் பட்டது. துணியில் வெட்டுக் கோடு போடுகிற தையல் சாக்குக்கட்டி. அதை இடுக்கியால் தூக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, திரைக்குப் பின்னால் இருந்த ஆய்வு மேஜைக்கு அனுப்பினார்கள். முகமூடி போட்டவர் ஒருவர் அதைச் சுரண்டினார், முகர்ந்தார், சொட்டு மருந்து விட்டார், ஒரு விளக்கின் அடியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். கடைசியில் வெளியே வந்து உரக்கச் சொன்னார்: "சாக்குக்கட்டி. ஆபத்தில்லாதது."

"அதைத்தானே சார் நானும் சொன்னேன்" என்றாள் டேப் அக்கா.

"நீங்க சொன்னா அது வெறும் பேச்சு. நாங்க சொன்னா அது முடிவு" என்று கட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்கேனருக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். திரையில் மனித உருவம் ஒன்று வந்து, அதன் இடது மார்பில் சிவப்புக் கட்டம் மின்னியது. கையுறை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். கையுறைக்காரி முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வேலை மட்டும் இருந்தது.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

டேப் அக்கா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். கையுறைக்காரி குரலைத் தாழ்த்தவில்லை. "எடுத்துக் காட்டணும். தனி அறை வேணும்னா கேக்கலாம். அது உங்க உரிமை."

கேட்டாள். கொடுத்தார்கள். அந்தத் தனி அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி. டேப் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டதைப் பார்த்து மேற்பார்வையாளர் விளக்கம் சொன்னார். "முந்தி இங்க சுவர்தான் இருந்துச்சு. உள்ள என்ன நடக்குதோன்னு பயணிங்க சந்தேகப்பட்டாங்க. அதனால கண்ணாடி போட்டோம். இப்ப வரிசையில நிக்கிற எல்லாரும் பாக்கலாம். உங்களுக்குத்தான் பாதுகாப்பு."

வரிசையில் நின்றவர்கள் நல்லவர்கள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டேப் அக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அந்தப் பக்கமும் கண்ணாடிதான் இருந்தது. திண்டை எடுத்துக் கொடுத்தாள். அது கையுறைக்காரியிடமிருந்து மேற்பார்வையாளருக்குப் போனது. அவர் அதைச் சந்தையில் காய் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்து, முகமூடிக்காரரிடம் கொடுத்தார். அவர் குலுக்கினார். உள்ளே மணிகள் சலசலத்தன. அதற்குள் பையில் இருந்த இன்னொரு திண்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு இரண்டு எதற்கு என்று கேள்வி வந்தது. தங்கைக்கு என்று சொன்னாள். தங்கை எங்கே என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்று சொன்னாள். ஆள் இல்லாத உறுப்புக்கு அனுமதி கிடையாது என்று சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கத்தியால் அந்தப் புதுத் திண்டின் தையலை நீளமாகக் கிழித்தார்கள். கண்ணாடி மணிகள் தரையெங்கும் ஓடின.

டேப் அக்கா குந்தி உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கினாள். "ஒரு ஊசி கிடைக்குமா? இங்கயே தைச்சிடுறேன்" என்று கேட்டாள்.

"ஊசி ஆபத்தான பொருள்மா" என்றார் கத்தியை மடித்துக்கொண்டே மேற்பார்வையாளர். "ஒத்துழைச்சதுக்கு நன்றி. நீங்க போகலாம்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சாவடி முடிகிற இடத்தில் ஒரு கம்பத்தின் மேல் சின்ன இயந்திரம் இருந்தது. 'சோதனை எப்படி இருந்தது? மனம்விட்டுச் சொல்லுங்கள்' என்று எழுதி, மூன்று பொத்தான்கள் வைத்திருந்தார்கள். பச்சையில் சிரித்த முகம், மஞ்சளில் சும்மா முகம், சிவப்பில் சுளித்த முகம். பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்த எல்லாரும் நிற்காமலே பச்சையைத் தட்டிவிட்டுப் போனார்கள். பச்சை முகம் தேய்ந்து, கண்ணே அழிந்துபோயிருந்தது. சிவப்புப் பொத்தானின் மேலே, கடையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

டேப் அக்கா நின்றாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 'எங்கயாவது இறுக்குதா?' என்று இவர்களும் கேட்கிறார்கள்! சொன்னால் பிரித்துத் தைப்பார்கள், அடுத்து வருகிறவளாவது பிழைத்துப்போவாள். கிழிந்த திண்டை இடுக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்துவிட்டு, சிவப்பு முகத்தை அழுத்தினாள்.

கூரையில் ஒரு விளக்கு சுழன்றது. வரிசை நின்றது. சாவடியின் இரண்டு பக்கக் கதவுகளும் தடாலென்று இறங்கின. அத்தனை நேரம் தூங்கி வழிந்துகொண்டிருந்த காவலர்களில் ஒருவன், "சிவப்பு! சிவப்பு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவனுக்குப் பணியில் சேர்ந்தபோது கற்றுக்கொடுத்த எதுவும் இதுவரை பயன்பட்டதில்லை. பாவம், குரல் தழுதழுத்தது.

தலைமை அதிகாரியின் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். சுவரில் ஒரு வரைபடம். கோடு மேல் விளிம்பை ஒட்டிக்கொண்டு, ஓர் இடத்தில்கூட இறங்காமல் போய், கடைசி முனையில் மட்டும் லேசாகக் கவிழ்ந்திருந்தது. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரோ தவறிப்போனதுபோல இருந்தது அவருடைய முகம்.

"நேத்து வரைக்கும் நூத்துக்கு நூறும்மா" என்றார். "யாரு உங்களை அழுத்தச் சொன்னது?"

"நீங்கதான் சார். மனம்விட்டுச் சொல்லுங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களே."

"எழுதி வச்சா செஞ்சிடுறதா? உங்களுக்குப் பின்னால யார் இருக்கா?"

"பேன்ட்டைப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தர் நின்னாரு."

"அவர் பேர் என்ன?"

"அந்த நெலமைல நிக்கிறவர்கிட்ட யாராவது பேர் கேப்பாங்களா சார்?"

மேற்பார்வையாளர் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். டேப் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், தங்கச்சிக்கு மத்தியானம் ஆப்பரேஷன். நான் போய்க் கையைப் பிடிக்கணும். விட்டுடுங்க."

அதிகாரி எழுந்து நின்றார். நின்றால் அவருக்குப் பேச்சு நன்றாக வரும்போலிருக்கிறது. "பாருங்கம்மா. நாங்க சோதிச்சதால உங்களுக்குக் கோபம் வந்துச்சு. கோபமா இருக்கிற ஆள் விமானத்துல ஏறினா ஆபத்து. ஆபத்தான ஆளைச் சோதிக்கணுமா, வேண்டாமா? சோதிக்கணும். அப்ப நாங்க மொதல்ல உங்களைச் சோதிச்சது எவ்வளவு சரின்னு இப்ப உங்களுக்கே புரியுதா?"

அவளுக்குப் புரியவில்லை. பாவாடையை உள்வெளியாகத் தைத்துவிட்டு அதுதான் சரி என்று அடம் பிடிப்பதுபோல இருந்தது.

"மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்குச் சோதனைன்னா எதுக்குக் கோபம் வரணும்?" என்று மடக்கினார் அதிகாரி.

"மறைக்க இருக்கு சார். உடம்பு இருக்கு. என் தொழிலே மறைக்கிறதுதான். நான் தைச்ச சட்டையைத்தான் ஊர்ல பாதிப் பேர் போட்டு மறைச்சிக்கிட்டு இருக்காங்க. உடம்பை மறைக்கக் கூடாதுன்னா நீங்க எதுக்கு யூனிஃபார்ம் போட்டிருக்கீங்க?"

அதிகாரி தன்னையறியாமல் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் உரிமை இருக்கில்ல சார்?" என்று அவள் விடாமல் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"இருக்கும்மா! யார் இல்லைன்னா? உங்க உரிமை அத்தனையும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. மக்கள் கையில இருந்தா தொலைச்சிடுவாங்க, அதனால நாங்க வாங்கி வச்சிருக்கோம். ஆபத்துன்னு ஒண்ணு உலகத்துல சுத்தமா ஒழிஞ்ச அன்னைக்கு, வந்து வாங்கிக்கலாம்."

அப்போது மேஜையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. அதிகாரி எடுத்துப் பார்த்தார். "தங்கச்சின்னு வருது. யாரு இது?"

"என் தங்கச்சி சார்! குடுங்க!"

"அப்படித்தான் பேர் போட்டு வைப்பாங்க" என்று மேற்பார்வையாளர் தலையை ஆட்டினார். கோபமான ஆள் வெளியாரோடு பேசலாமா என்று இருவரும் கலந்து ஆலோசித்தார்கள். ஆலோசனை நடக்கும்போதே போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது. டேப் அக்கா வாழ்நாளில் அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டதில்லை.

பயணிக்குச் சோதனையில் திருப்தி இல்லை என்றால், திருப்தி வருகிறவரை சோதிக்க வேண்டும் என்பது விதி. அதனால் மறுபடி கண்ணாடி அறை. இந்த முறை திருப்தியாக இருக்கட்டும் என்று கூடுதலாக இருவர் வந்தார்கள். தலைமுடியைப் பிரித்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். ஆப்பரேஷன் தழும்பை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும், "இப்ப எப்படி இருக்கு? கொஞ்சமாவது பரவாயில்லையா?" என்று அக்கறையோடு கேட்டார்கள். அவள் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் அக்கறை கூடிக்கொண்டே போனது.

கண்ணாடி வழியாக ஓடுதளம் தெரிந்தது. அவளுடைய விமானம் மெதுவாகத் திரும்பி, ஓடி, எழும்பிப் போய்விட்டது.

டேப் அக்கா அழுதாள். சத்தமில்லாமல் அழவில்லை, "பாவிங்களா" என்று வாய்விட்டுத்தான் அழுதாள். மற்றவர்கள் வெளியே போனபிறகு கையுறைக்காரி அவளுடைய முடியை முடிந்துவிட்டாள். பிறகு உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "அடுத்த விமானம் இருக்கும்மா. பச்சையை அழுத்திட்டுப் போய்ச் சேருங்க. எங்களுக்கும் ஒரு மிஷின் வச்சிருக்காங்க. வேலை முடிஞ்சு போகும்போது நானும் தினம் பச்சையைத்தான் அழுத்துறேன்."

டேப் அக்கா போய் அழுத்தினாள். ஆனால் ஒருமுறை சிவப்பை அழுத்தியவருடைய பச்சையை இயந்திரம் அப்படியே நம்பிவிடாது. எதிரே ஒரு கேமரா இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். முதல் சிரிப்பை அது ஏற்கவில்லை. இரண்டாவதையும் ஏற்கவில்லை. "பல்லு தெரியணும்மா" என்று மேற்பார்வையாளர் தானே சிரித்துக் காட்டினார். வாடிக்கையாளர் தப்பு அளவு கொடுத்துவிட்டு நம்மையே திட்டும்போது கடையில் நின்று சிரிப்போமே, அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதிகாரியின் அறைச் சுவரில் இருந்த கோடு நிமிர்ந்தது. தலைமை அதிகாரி கைதட்டினார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆப்பரேஷன் முடிந்திருந்தது.

தங்கை கண் விழித்ததும் அக்காவைப் பார்த்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. "உள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது உன் கையைத் தேடினேன்க்கா" என்றாள். "யாரோ ஒரு நர்ஸ் கை கிடைச்சுது. ஜில்லுன்னு இருந்துச்சு."

டேப் அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கிவந்த ஊசி நூலால் கிழிந்த திண்டைத் தைத்தாள். மணிகள் குறைந்திருந்தன. எத்தனையோ அந்தத் தரையிலேயே கிடக்கின்றன.

"பச்சையை அழுத்தினியா?" என்று கேட்டாள் தங்கை.

"அழுத்தினேன்."

"சிரிச்சியா?"

"சிரிச்சேன்டி."

தங்கை தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். "தையல் இழுக்குது. இல்லைன்னா அவனுங்களை இங்கேருந்தே திட்டுவேன்" என்றாள். பிறகு அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

உடம்பு தேறுகிறவரை அக்கா வீட்டில் இருப்பது என்று முடிவாகி, இருவரும் அந்த ஊர் விமான நிலையத்துக்கு வந்தார்கள். அங்கேயும் அதே பலகை, அதே கண்ணாடி அறை. இந்த முறை சிவப்புக் கட்டம் இரண்டு பேருக்கும் மின்னியது. காயம் இன்னும் சரியாக ஆறாத தங்கையை உள்ளே கூட்டிப்போனபோது, டேப் அக்கா அவளுடைய கையை விடவில்லை. தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும் என்றார்கள். "முடியாது" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் சேர்த்தே சோதித்தார்கள். தங்கையின் திண்டும் கைமாறிக் கைமாறிப் போய்வந்தது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தார்கள். கம்பத்தின் மேல் இயந்திரம் புத்தம் புதிதாக இருந்தது. 'உங்கள் கருத்தை ஏற்று மேம்படுத்தியுள்ளோம்' என்று எழுதியிருந்தது. மூன்று முகங்கள். ஒன்று லேசாகச் சிரித்தது, ஒன்று நன்றாகச் சிரித்தது, ஒன்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது. மூன்றும் பச்சை.

தங்கை அதை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, இதுல நம்ம மூஞ்சி எது?"

டேப் அக்கா பையின் மூலையில் கையை விட்டாள். நீலக் கட்டி விரலில் தட்டுப்பட்டது. சட்டையின் கைக்குழிக்கு வளைவு போடுகிற கை அது. ஒரே இழுப்பில் கோடு விழும். நடு முகத்தின் வாய்மேல் கவிழ்ந்த ஒரு வளைவைப் போட்டாள். பெரிதாக, தூரத்தில் நிற்கிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி.

"என்னது அது கையில?" என்று ஒரு காவலன் ஓடிவந்தான்.

"சாக்குக்கட்டி. உங்க ஆளுங்களே பாத்து முடிவு சொல்லிட்டாங்க. ஆபத்தில்லாதது."

தங்கை அந்த முகத்தை அழுத்தினாள். 'மகிழ்ச்சி! நன்றி!' என்று இயந்திரம் பாடியது. அதற்கு எல்லாம் ஒன்றுதான். வரிசை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"யாரும் அதை அழுத்தக் கூடாது!" என்று கத்தினான் காவலன்.

"ஏன் தம்பி? அதுவும் சிரிக்கிற மூஞ்சிதானே?" என்றாள் தங்கை. அவளுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டிருந்தது.

அவர்களுக்குப் பின்னால், ஒரு கையில் தட்டோடு, மறு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் இயந்திரத்தைப் பார்த்தார், காவலனைப் பார்த்தார். பிறகு நடு முகத்தை நன்றாக அழுத்துவதற்காகப் பேன்ட்டிலிருந்து கையை எடுத்தார்.